கொள்ளிவாய்ப் பிசாசு: சேற்று நிலத்தில் தெரியும் அந்தத் தீ எது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கொள்ளிவாய்ப் பிசாசுக்கு மட்டும் இந்தப் பழமொழி பொருந்தாது. இங்கே ஆளை அரள வைப்பது இருட்டு அல்ல, வெளிச்சம்.

ஊர் அடங்கிய பிறகு, ஏரிக்கரைக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத சேற்று நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிறு தீ தெரியும். கொஞ்ச நேரம் நிற்கும், அணையும், பத்தடி தள்ளி மறுபடி எரியும். கிட்டே போனால் விலகிப் போகும். பயந்து திரும்பி நடந்தால் பின்னாலேயே வரும். வாயைத் திறக்கும்போது தீ தெரிகிறது, மூடும்போது மறைகிறது என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அது வாயில் கொள்ளியைக் கவ்விக்கொண்டு திரியும் பிசாசு ஆனது. அதன் பின்னால் போனவன் சேற்றில் புதைந்து செத்துப்போவான் என்பது கதையின் மிச்சம்.

இதற்கு அறிவியல் விளக்கம் கேட்டால் உடனே ஒரு வரியில் பதில் வரும்: "அது ஒன்றுமில்லை, சதுப்பு நிலத்தில் மீத்தேன் வாயு எரிகிறது." இந்தப் பதில் தவறில்லை. ஆனால் பாதிதான். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. யார் பற்ற வைத்தார்கள்? தீ என்றால் ஏன் சுடவில்லை? ஏன் விலகி ஓடுகிறது? இந்தக் கேள்விகளுக்கு அந்த ஒரு வரியில் இடமில்லை. பார்த்தவர்கள் சொன்னதை அசட்டை செய்யாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் இந்தப் பிசாசு எவ்வளவு சுவாரசியமானது என்று புரியும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம்

கொள்ளி என்றால் எரிந்துகொண்டிருக்கும் கட்டை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்கிறோமே, அதே கொள்ளி. அடுப்பிலும் கொள்ளி உண்டு, சுடுகாட்டிலும் உண்டு. பெற்றவருக்குக் கொள்ளி வைப்பது மகனின் கடமை என்று சொல்லி வளர்ந்த சமூகத்தில் இந்தச் சொல்லைக் கேட்டதும் சாவு நினைவுக்கு வராமல் இருக்காது. போதாததற்கு, நம் ஊர்களில் சுடுகாடும் இடுகாடும் பெரும்பாலும் ஆற்றோரத்திலோ ஏரியின் கடைசிப் பக்கத்திலோதான் இருக்கும். அதாவது தாழ்வான, ஈரமான, இரவில் யாரும் போகாத நிலம். சேற்றில் தெரிந்த ஒளிக்குக் கொள்ளி என்று பெயர் வந்ததில் வியப்பில்லை.

சேற்றுக்குத் தமிழில் இன்னொரு பழைய சொல் இருக்கிறது: அளறு. திருக்குறளில் இது நரகத்தைக் குறிக்க வருகிறது. "ஒருமைச் செயலாற்றும் பேதை எழுமையும் தான்புக் கழுந்தும் அளறு" என்பது 835-ஆம் குறள். பேதை ஒரு பிறவியில் செய்துகொள்வது, ஏழு பிறவியும் தானே போய் அழுந்தும் அளறு. இங்கே அழுந்தும் என்ற வினையைக் கவனியுங்கள். நெருப்பில் யாரும் அழுந்துவதில்லை, சேற்றில்தான் அழுந்துவார்கள். சேறும் நரகமும் ஒரே சொல்லுக்குள் இருந்த மொழி இது. நடுவில் ஒரு தீயும் தெரிந்தால் அதைப் பிசாசு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை என்று இதை நினைத்துவிட வேண்டாம். வங்காளத்தின் சதுப்புகளில் இதே ஒளிக்கு ஆலேயா என்று பெயர். தண்ணீரில் செத்த மீனவர்களின் ஆவி என்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில், மழைக்காலத்தில் சேறாகிவிடும் பன்னிப் புல்வெளியில் இது சீர் பத்தி, அதாவது பேய் விளக்கு. ஜப்பானில் நரி நெருப்பு என்று பொருள்படும் கித்சுனேபி. நரி தன் வாயிலிருந்து ஊதும் தீ என்று அங்கே ஒரு கதை உண்டு, நம் கொள்ளிவாய்க்கு அது எவ்வளவு கிட்டே வருகிறது பாருங்கள். பிரேசிலில் அது பாம்பு. போய்த்தத்தா என்ற அந்த நெருப்புப் பாம்பைப் பற்றி 1560-லேயே ஜோசே தெ அன்சியேதா என்ற கிறித்தவத் துறவி தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் ஓடித் திரியும் ஒரு தீ என்பதாக அவருடைய விவரிப்பு. அயர்லாந்துக் கதையில் சொர்க்கத்திலும் நரகத்திலும் இடம் கிடைக்காத ஜாக் என்பவன், சாத்தான் கொடுத்த ஒரு தீக்கங்கைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு உலகம் முடியும்வரை சதுப்பில் அலைகிறான். கங்கு என்பதும் கொள்ளியின் மிச்சம்தானே. லத்தீனில் இதன் பெயர் இக்னிஸ் ஃபாத்துவஸ், அதாவது பேதைத் தீ. ஐரோப்பிய அறிவியல் நூல்களில் இந்தப் பெயர்தான் நிலைத்தது.

ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்கள், ஒரே மாதிரி இடத்தில், ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒளியைச் சொல்லியிருக்கிறார்கள். ஈர நிலம், இரவு, தாழ்வான சிறு ஒளி, கிட்டே போனால் விலகல். இத்தனை பேரும் ஒரே கற்பனையைச் செய்தார்கள் என்பதைவிட, ஒரே மாதிரியான எதையோ பார்த்தார்கள் என்பதைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

நடவுக்குத் தயாரான வயலில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கால் சேற்றில் புதையும்போது பக்கத்தில் குமிழிகள் கிளம்பும், கூடவே ஒரு நாற்றமும் வரும். குமிழிக்குள் இருப்பதில் முக்கியமானது மீத்தேன். நாற்றம் மீத்தேனுடையது அல்ல, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அழுகிய முட்டை போல வரும் அந்த நாற்றம் கூடவே வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு.

மீத்தேன் எங்கிருந்து வந்தது? இலையும் தண்டும் வேரும் தண்ணீருக்கடியில் மட்குகின்றன. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் அங்கிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் தின்று தீர்த்துவிடும். தேங்கிய நீருக்கு அடியில் இருக்கும் சேற்றுக்குள் மறுபடி காற்று எளிதில் இறங்காது. ஆக்சிஜன் இல்லாத அந்த இருட்டில் வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. ஆர்க்கியா என்ற பழமையான நுண்ணுயிர்க் குலத்தைச் சேர்ந்தவை அவை. மற்றவை விட்டுப்போன மிச்சத்தை எடுத்து மீத்தேனாக மாற்றுவதுதான் அவற்றின் பிழைப்பு. மாட்டின் வயிற்றுக்குள்ளும் இவைதான் இருக்கின்றன, சாண எரிவாயுக் கலனுக்குள்ளும் இவைதான். கலனிலிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். சதுப்பு நிலத்தை மூடியில்லாத, பெரிய சாண எரிவாயுக் கலன் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இதை முதலில் சீசாவில் பிடித்தவர் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா. மின்கலத்தைக் கண்டுபிடித்தவர், வோல்ட் என்ற அலகு இவர் பெயரில்தான் இருக்கிறது. 1776 நவம்பரில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில் நாணல் வளர்ந்த சேற்றைக் கோலால் கிளறி, கிளம்பிய குமிழிகளைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சீசாவில் சேர்த்தார். பற்ற வைத்தால் அது அழகான நீலத் தீயாக எரிந்தது. அப்புறம் அந்த வாயுவை மின்பொறியால் வெடிக்க வைக்கும் ஒரு கருவியையும் செய்து பார்த்தார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்திருந்த நேரம். 1783 நவம்பர் 5-ஆம் தேதி நியூ ஜெர்சியில் ராக்கி ஹில் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டனும் எழுத்தாளர் தாமஸ் பெய்னும் இரவில் ஒரு தட்டைப் படகில் ஏறினார்கள். அந்தப் பக்கத்து ஆற்று நீரில் தீ பிடிக்கும் என்று ஊரில் பேச்சு. நீர்ப்பரப்பில் மிதக்கும் எண்ணெய் போன்ற பொருள்தான் எரிகிறது என்று ராணுவ அதிகாரிகள் சிலர் சொன்னார்கள். இல்லை, அடியில் இருக்கும் சேற்றிலிருந்து வரும் வாயு எரிகிறது என்பது வாஷிங்டன், பெய்ன் கட்சி. வீரர்கள் கம்புகளால் அடிச்சேற்றைக் கிளறினார்கள். வாஷிங்டன் படகின் ஒரு முனையில், பெய்ன் மறுமுனையில், ஆளுக்கொரு காகிதச் சுருளைக் கொளுத்தி நீருக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே பிடித்தார்கள். குமிழிகள் வந்தன. வாஷிங்டன் கையிலிருந்த தீயில் வாயு பற்றி, அந்தத் தீ நீர்ப்பரப்புக்கு இறங்கியதைப் பெய்ன் பார்த்து எழுதி வைத்தார். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஊரார் பேச்சைத் தள்ளிவிடாமல், அவர்கள் சொன்ன இடத்துக்கே போய், அவர்கள் சொன்ன நேரத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

ஆக, சேற்றில் எரியும் வாயு இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. மீத்தேன் தீ மங்கலான நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பிசாசு ஏன் இரவில் மட்டும் வருகிறது என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் வந்துவிடுகிறது.

பற்ற வைத்தது யார்?

மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் திரும்பப் பாருங்கள். வோல்ட்டாவும் வாஷிங்டனும் கையில் தீயோடு போனவர்கள். நடு இரவில், யாரும் இல்லாத சேற்றில், தீப்பெட்டி யார் கையில் இருந்தது?

மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதோடு காற்றில் அதன் அளவும் சரியாக அமைய வேண்டும். ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, 15 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. திறந்த வெளியில், காற்றைவிட லேசான ஒரு வாயு, இந்த அளவில் ஒரே இடத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான்.

இந்த இடத்தில் பழைய வேதியியல் புத்தகங்கள் பாஸ்பரஸை அழைத்து வரும். பாஸ்பீன் என்பது பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. அதனோடு அடிக்கடி சேர்ந்தே உண்டாகும் டைபாஸ்பேன் காற்றுப் பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும், எந்தச் சூடும் தேவையில்லை. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் எல்லா உடலிலும் உண்டு. செத்த உயிர்கள் மட்கும் சேற்றில் டைபாஸ்பேன் உண்டாகி, அது தீக்குச்சியாகி, மீத்தேனைப் பற்ற வைக்கிறது என்பது கருத்து. இடுகாட்டுப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு தெரிவதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பாஸ்பீன் எரிந்தால் அடர்த்தியான வெள்ளைப் புகை கிளம்பும். அழுகிய மீன், பூண்டு போன்ற வாடையும் வரும். ஒளியைப் பார்த்தவர்கள் பலர் புகையும் இல்லை, வாடையும் இல்லை என்கிறார்கள். 1980-ல் பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மில்ஸ் இதை ஆய்வகத்தில் செய்து பார்த்தார். பாஸ்பீனையும் எரிவாயுவையும் கலந்ததில் குளிர்ந்த ஒளி ஒன்று உண்மையில் கிடைத்தது. நிறமோ பச்சை, கூடவே மூக்கைப் பிடிக்க வைக்கும் புகை. பார்த்தவர்கள் சொன்ன வருணனையோடு அது ஒட்டவில்லை. இயற்கையில் பாஸ்பீன் இல்லாமலும் இல்லை. கழிவுநீர்ச் சேற்றிலும் ஏரிப் படிவுகளிலும் அதை அளந்திருக்கிறார்கள், ஆனால் அளவு மிக மிகக் கொஞ்சம்.

சூடு இல்லாத தீ என்பதே முரணாகத் தோன்றலாம். வேதியியலில் அது முரண் இல்லை. ஒரு வேதிவினையில் வெளிவரும் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போனால் அது அடுப்புத் தீ. கொஞ்சமாவது நேரடியாக ஒளியாக வந்தால், சூடே இல்லாமல் வெளிச்சம் தெரியும். மின்மினிப் பூச்சியின் வயிற்றில் நடப்பது இதுதான். பிடித்துக் கையில் வைத்தால் சுடுவதில்லையே. நியூட்டன்கூட 1704-ல் வந்த தன் ஒளியியல் நூலில் இந்தச் சதுப்பு ஒளியை, வெப்பமில்லாமல் ஒளிரும் ஆவி என்றுதான் குறிப்பிடுகிறார்.

தீக்குச்சி எது என்ற கேள்விக்கு 2025-ல் ஒரு புதிய பதில் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவரின் குழு, மீத்தேனும் காற்றும் கலந்த மிக நுண்ணிய குமிழிகளைத் தண்ணீருக்குள் விட்டு அதிவேகக் கேமராவால் படம் பிடித்தது. தண்ணீரில் எழும் சிறு குமிழிகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் சேர்கிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டு குமிழிகள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே பொறி ஒன்று பாய்கிறது. மழை மேகத்தில் நடப்பதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த நுண்மின்னல் சாதாரண அறை வெப்பநிலையிலேயே மீத்தேனை ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்தது, மங்கலான ஒளியும் வந்தது. தீப்பெட்டி வெளியிலிருந்து வரத் தேவையில்லை, குமிழியே தீப்பெட்டி என்று அர்த்தம். இது ஆய்வகத்தில் பார்த்தது. சேற்றின் மேல் ஆளுக்குத் தெரிகிற அளவு பெரிய ஒளியை இது தருமா என்பது இனிமேல் களத்தில் பார்க்க வேண்டியது. ஆனாலும் சூடு வேண்டாம், பாஸ்பரஸ் வேண்டாம், புகை வேண்டாம் என்று மூன்று தடைகளையும் ஒரே அடியில் தாண்டுவதால் எனக்கு இந்த விளக்கத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கிட்டே போனால் ஏன் விலகுகிறது?

பிசாசுக்கு உயிர் இருப்பதாக மக்களை நம்ப வைத்தது தீ அல்ல, அதன் நடத்தை. வெறுமனே எரிந்துகொண்டிருந்தால் அது விளக்கு. நம்மைப் பார்த்து விலகுகிறது, நாம் திரும்பினால் பின்தொடர்கிறது என்னும்போதுதான் அது ஒரு பிராணி ஆகிறது.

இந்தப் புதிரை உட்கார்ந்து அவிழ்த்தவர் லூயி பிளெஸ்ஸன் என்ற பிரஷ்ய ராணுவ மேஜர். அவருடைய குறிப்பு 1830-களில் வெளியானது. காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் சதுப்பில் பகலில் குமிழிகள் வரும் இடங்களை முதலில் அடையாளம் வைத்துக்கொண்டார். இரவில் போனால் அதே இடங்களில் நீலமும் ஊதாவும் கலந்த தீக்கள். அவர் நெருங்க, அவை விலகின. அவர் நின்றார், அவை திரும்பி வந்தன. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது: நடக்கும்போது உடம்பு காற்றைத் தள்ளுகிறது, மூச்சும் தள்ளுகிறது, அந்த லேசான காற்றே தீயை ஒதுக்கப் போதுமானது. அடுத்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கிட்டே போனார். தீ விலகவில்லை. நீட்டிய காகிதம் முதலில் கருகிப் பழுப்பானது. மெல்லிய துண்டாகக் கிழித்துக் காட்டியபோது பற்றியே எரிந்தது.

திரும்பி ஓடினால் ஏன் துரத்துகிறது என்பதற்கும் இதுவே விடை. ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் காற்று இழுபடும், தீயும் அந்தப் பக்கம் சாயும். ஆளுக்கு ஆள் தோழமையோ பகையோ காட்டும் பிராணி அங்கே இல்லை. வெளியூர்க்காரனின் மூச்சுக்கும் உள்ளூர்க்காரனின் மூச்சுக்கும் ஒரே மாதிரி அசையும் தீ.

பிளெஸ்ஸன் பார்த்த தீ சுட்டது, காகிதத்தை எரித்தது. வேறு பலர் பார்த்தது சுடவில்லை. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு ஒளிகள் இருந்திருக்கலாம். சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் இருட்டில் ஒரே பெயர்தான்: பாம்பு.

இப்போது தீயை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வருவோம். இருட்டறையில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியை உற்றுப் பாருங்கள். சில விநாடிகளில் அது நகரத் தொடங்கும். புள்ளி நகரவில்லை. அதைச் சுற்றி ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால், ஒளி நகர்கிறதா கண் நகர்கிறதா என்று மூளையால் பிரிக்க முடியவில்லை. தன்னியக்க மாயை என்று இதைச் சொல்லலாம். வயல்வெளியின் நடுவில், நிலவில்லாத இரவில், சேற்றின் மேல் ஒரே ஒரு ஒளி என்றால் அதைவிடப் பொருத்தமான இருட்டறை வேறில்லை. கண் தானாகவே பிசாசுக்குக் கால் கொடுத்துவிடும்.

இந்த மாயையை வைத்து 1935-ல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கொள்ளிவாய்ப் பிசாசைப் புரிந்துகொள்ள வேதியியலைவிட இது அதிகம் உதவும் என்பது என் கருத்து. இருட்டறையில் அசையாத ஒரு ஒளியைக் காட்டி, எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று கேட்டார். தனியாகப் பார்த்தபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்த்து உட்கார வைத்து, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும்படி சொல்லச் சொன்னார். சுற்றுக்குச் சுற்று அவர்கள் சொன்ன அளவுகள் நெருங்கி, கடைசியில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பிறகு மறுபடி தனியாக உட்கார வைத்தபோதும் கூட்டத்தில் படிந்த அந்த அளவையே சொன்னார்கள். தாங்கள் கண்ணால் பார்த்தது அதுதான் என்று மனதார நம்பினார்கள்.

சேற்றோரக் கதை வளர்வதும் இப்படித்தான். முதலில் பார்த்தவர் ஒரு ஒளி என்கிறார். கூட வந்தவர் அது விலகியது என்கிறார். மறுநாள் டீக்கடையில் மூன்றாமவர், இரண்டு வருடம் முன்னால் தானும் பார்த்ததாகவும், அது வாயை மூடித் திறந்ததாகவும் சொல்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்ததை ஊரிடம் இருக்கும் சொற்களில் சொல்கிறார்கள், சொற்கள் உருவத்தை நிரப்புகின்றன. வங்காளத்தில் அதே இடைவெளியை மீனவரின் ஆவி நிரப்புகிறது, பிரேசிலில் பாம்பு, ஜப்பானில் நரி.

இது போன்ற எல்லா ஒளியும் வாயுவால் வந்தது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளியில் மின் மின் என்ற பேய் ஒளி பேர்பெற்றது. சேறே இல்லாத இடம். 2003-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜாக் பெட்டிக்ரூ, தொலைதூரத்து வண்டி விளக்கின் ஒளி, தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றடுக்கில் வளைந்து, தொடுவானத்துக்கு அப்பாலிருந்தும் தெரிகிறது என்று காட்டினார். நம் பக்கத்து உப்பளங்களிலும் கழிமுகங்களிலும் தெரியும் ஒளிகளில் சில, இரவில் நண்டோ மீனோ பிடிக்கப் போனவர்களின் விளக்காகவும் இருந்திருக்கும்.

கதை செய்த வேலை

சதுப்பில் இரவில் நடப்பது உண்மையிலேயே ஆபத்து. நீர் ஊறிய சேறு மேலே கெட்டியாகத் தோன்றும், எடை ஏறியதும் இளகும். மாட்டிய காலை இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி மேலும் கீழே இழுக்கும். கை விளக்கு இல்லாத காலத்தில், தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் வழி தப்பியவன் அதை வீடு என்று நினைத்து நேராக நடப்பான். வெளிச்சம் இருப்பதோ குமிழி அதிகமாக வரும் இடத்தில், அதாவது சேறு ஆழமான இடத்தில். அந்தத் தீயின் பின்னால் போகாதே, அது உன்னைச் சேற்றில் தள்ளும் என்று சொன்ன பாட்டி, காரணத்தைப் பிசாசின் மேல் போட்டிருக்கலாம், ஆனால் எச்சரிக்கை அச்சு அசலாகச் சரி.

இப்போது இந்தப் பிசாசைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சதுப்பு நிலங்களே குறைந்துவிட்டன. சென்னையின் பள்ளிக்கரணை முன்பு இருந்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய இடங்களைச் சுற்றியும் தெருவிளக்கு, வண்டி விளக்கு. மீத்தேன் ஒளி அத்தனை மங்கல், ஒரு சோடியம் விளக்கு பக்கத்தில் இருந்தாலே அது கண்ணில் படாது. இரவில் ஏரிக்கரை வழியாக நடந்து ஊர் திரும்புகிறவர்களும் இல்லை. சேற்றுக்குள் ஆர்க்கியாக்கள் தம் வேலையை நிறுத்திவிடவில்லை, குமிழிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மரக்காணத்துப் பக்கம் கழுவெளியிலோ, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரத்திலோ, உங்கள் ஊர் ஏரியின் பின்பக்கத்திலோ என்றைக்காவது ஒரு இரவு அப்படி ஒரு ஒளியைப் பார்த்தால், தயவுசெய்து சேற்றில் இறங்காதீர்கள், தீக்குச்சியும் கிழிக்காதீர்கள். கரையிலேயே நின்று பாருங்கள். என்ன நிறம், புகை வருகிறதா, வாடை அடிக்கிறதா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எத்தனை நிமிடம் இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள், அடுத்தவரிடம் சொல்வதற்கு முன்னால். அப்புறம் இன்னொன்று. ஒளிக்கு முன்னால் ஒரு பனைமரமோ கம்பமோ இருக்கும்படி நின்றுகொண்டு, அதோடு ஒப்பிட்டே பாருங்கள். நகர்வது தீயா, உங்கள் கண்ணா என்று அந்தப் பனைமரம் சொல்லிவிடும்.